எஸ்தருக்கு, நோவாவின் வெள்ளம் பற்றி

அன்புள்ள எஸ்தர்,

நலம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டாய். இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் வேலை மாறிவிட்டாள். சம்பளம் கூடியிருக்கிறது, தூக்கம் குறைந்திருக்கிறது. பியானோ அக்கா போன் செய்தார். வழக்கம்போல உன்னைத்தான் முதலில் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "சின்னவளைக் கொஞ்சம் கண்டித்து வை, ஜியாலஜி படித்துத் தலைக்கு ஏறிவிட்டது" என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் உன்னோடு வாதாட யாராலும் முடியாது. விடுதி வார்டனையே பேசிக் களைக்க வைத்தவள் நீ. கடைசிவரை படித்துவிட்டுப் பதில் எழுது. நடுவில் நிறுத்திவிட்டுப் போனை எடுக்காதே.

நடந்தது உனக்கு யார் யார் வாய் வழியாகவோ வந்து சேர்ந்திருக்கிறது. வாலிபர் கூடுகையில் பேச வந்தவர், நோவாவின் வெள்ளம் உலகம் முழுவதையும், மலைகள் உட்பட, எழுதியிருக்கிறபடியே மூடியது என்று விசுவாசிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாராம். எல்லோரும் தூக்கினார்கள். இவள் தூக்கவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி, வெள்ளத்தை நம்பாதவர்கள் உயிர்த்தெழுதலையும் நம்ப முடியாது, இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கிறது, நீயே முடிவு செய்துகொள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, "அம்மா, அப்போ நான் கிறிஸ்தவள் இல்லையா?" என்று கேட்டாள்.

எஸ்தர், இருபத்து மூன்றாம் சங்கீதத்தை அவளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்ததே நீதான். உன் ஞாயிறு பள்ளியில் ஃப்ளானல் பலகையில், நோவாவின் பேழைக்குள் ஏறும் மிருகங்களை ஒவ்வொன்றாக ஒட்டியவளும் அவள்தான். (அந்த ஒட்டகச்சிவிங்கி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதா? அதைப் பற்றி இப்போது பேசமாட்டேன்.) அவளா தலைக்கனம் பிடித்துப் பேசுகிறவள்? அவளைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. நீயும் அவள் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் நீ போனில் அடுக்கிய காரணங்களுக்கு வருகிறேன். மலை உச்சியில் கடல் சிப்பி கிடைக்கிறதே என்றாய். உண்மைதான், எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையிலேயே கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே நீர் மலைமேல் ஏறவில்லை. கடலின் அடித்தளம் மலையாக உயர்ந்தது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோத ஆரம்பித்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இமயம் இன்னும் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இதையெல்லாம் நாத்திகர்கள் கட்டியது என்று நினைக்காதே. சிப்பிகளை மலைக்குக் கொண்டுவந்தது நோவாவின் வெள்ளம் அல்ல என்று லியனார்டோ டா வின்சியே 500 ஆண்டுகளுக்கு முன் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டார். கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு சிப்பி 40 நாளில் நகர்ந்து போக முடியாது என்று கணக்குப் போட்டார். வெள்ளம் வாரிக் கொட்டியிருந்தால் எல்லாம் கலைந்து கிடக்கும்; இவையோ உயிரோடு வாழ்ந்த இடத்தில் இருப்பதுபோல் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன என்றும் கவனித்தார்.

இன்னொன்று. வெள்ளத்துக்குச் சான்று தேடி நிலத்தைத் தோண்டியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் குருமார்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் பக்லண்ட், கேம்பிரிட்ஜில் ஆடம் செட்ஜ்விக், இரண்டு பேரும் ஆங்கிலிக்கன் குருமார்கள். பக்லண்ட் 1823இல் குகைகளில் கிடைத்த எலும்புகளை வைத்து வெள்ளம் நடந்தது என்று பெரிய புத்தகமே எழுதினார். பிறகு அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். செட்ஜ்விக் 1831இல், லண்டன் புவியியல் கழகத்தின் தலைவராக நின்று, தான் இதுவரை சொன்னதைத் திரும்பப் பெறுவதாக எல்லோர் முன்னாலும் அறிவித்தார். டார்வினின் நூல் வந்தது 1859இல். அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே நடந்தது இது. அவர்கள் யாரும் விசுவாசத்தை விடவில்லை. செட்ஜ்விக் கடைசிவரை குருவாகவே வாழ்ந்தார், டார்வினோடு சண்டையும் போட்டார். பாறை சொன்னதைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்தாலும் ஒத்துவரவில்லை. எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர். பூமியை அந்த உயரம்வரை மூட, இன்று எல்லாக் கடல்களிலும் இருக்கிற நீரைப்போல மூன்று மடங்குக்கு மேல் கூடுதல் நீர் வேண்டும். அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது? காலமும் இடிக்கிறது. பழைய ஆங்கில பைபிள்களின் ஓரத்தில், அஷர் பேராயர் கணக்குப்படி, வெள்ளத்துக்கு கி.மு. 2348 வாக்கில் தேதி போட்டிருப்பார்கள். எகிப்தில் பெரிய பிரமிடு அதற்கு இருநூறு ஆண்டு முன்பே கட்டி முடிந்துவிட்டது. ஏறத்தாழ அந்தத் தேதியை ஒட்டித்தான் ஊனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் சுவர் முழுக்க மந்திரங்களைச் செதுக்கினார்கள். அவர்கள் மூழ்கவில்லை, எழுதுவதை நிறுத்தவும் இல்லை. அண்டார்டிகா பனியில் துளையிட்டு எடுத்த உருளையில் 8 லட்சம் ஆண்டுப் பனி அடுக்கு அடுக்காக அப்படியே இருக்கிறது. உலகம் முழுக்க ஓராண்டு நீரில் கிடந்திருந்தால் அந்த அடுக்குகள் மிஞ்சியிருக்காது.

இதையெல்லாம்விட என்னை அசைத்தது ஒரு கல். சின்னவள் களப்பயணம் போய்விட்டு வந்தபோது ஒரு மணற்கல் பலகையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இரண்டு கை அகலம் இருக்கும். மேலே கோடு கோடாக, ஐங்கோணமும் அறுகோணமுமாகப் புடைத்திருந்தது. குளத்துச் சேறு காய்ந்து வெடிக்குமே, அந்த வெடிப்பு. அதில் பிறகு மணல் நிரம்பி, கல்லாகவே ஆகியிருக்கிறது. விரலால் தடவினால் ஒவ்வொரு கோடும் தட்டுப்பட்டது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் இருக்கும் இடங்கள் உண்டு, அம்மா, ஒவ்வொரு அடுக்கும் வெயிலில் காய்ந்திருக்கிறது, இது ஒரே வெள்ளத்துக்கு அடியில் எப்படி உண்டாகும் என்றாள். கிராண்ட் கேன்யனில் ஓர் அடுக்கில் பாலைவன மணல்மேடுகளும் அதன்மேல் சின்னப் பிராணிகள் நடந்த தடமும் பாறையாக இருக்கின்றனவாம். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கல்லைப் பொய் என்று சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. அதைப் படைத்தவரும் அவர்தானே?

உலகத்தில் எல்லா ஜாதி ஜனத்திடமும் வெள்ளக் கதை இருக்கிறதே என்று நீ கேட்டாய். இருக்கிறது. சதபத பிராமணத்தில் மனுவை ஒரு மீன் காப்பாற்றுகிறது. அங்கே பேழையில் மிருகமே கிடையாது, மனு ஒருவன்தான். ஆனால் மனிதர் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும்தான் குடியேறினார்கள். வெள்ளம் பார்க்காத கூட்டம் எது? அவரவர் பார்த்த வெள்ளம் அவரவருக்கு உலகம். ஈராக்கில் ஊர் என்னும் பழைய நகரத்தில் லியனார்ட் வூலி 1929இல் தோண்டியபோது, பல அடி கனத்துக்குச் சுத்தமான களிமண் படிவு கிடைத்தது. நோவாவின் வெள்ளம் கிடைத்துவிட்டது என்று உலகமே பேசியது. பிறகு அக்கம்பக்கத்து நகரங்களில் தோண்டினால், அங்கே கிடைத்த படிவுகள் வேறு வேறு காலத்தவை. யூப்ரடீசும் டைகிரிசும் கரை புரண்டு ஒவ்வொரு நகரத்தையும் ஒவ்வொரு காலத்தில் விழுங்கியிருக்கின்றன. அப்படி ஒரு கொடிய வெள்ளத்தின் நினைவு இந்தக் கதைக்கு அடியில் இருக்கலாம் என்று நானும் நம்புகிறேன். இல்லாததை ஒருவர் உட்கார்ந்து புனைந்தார் என்று நான் சொல்லவே இல்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். டீ போட்டு வைத்துக்கொண்டு படி.

1872இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், நினிவேயிலிருந்து வந்த உடைந்த களிமண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். கப்பல் ஒன்று மலைமேல் தட்டி நிற்கிறது, புறாவை வெளியே விடுகிறார்கள், அது கால் வைக்க இடமில்லாமல் திரும்பி வருகிறது என்று வாசித்தார். பாபிலோனியரின் பழைய கில்காமேஷ் காவியத்தின் பதினோராம் பலகை அது. புறா, தகைவிலான், கடைசியில் காகம். வெளியே வந்ததும் பலி. இந்தக் கதை, நோவாவின் கதை இருக்கிற நம் ஆதியாகமத்தைவிட மிகப் பழையது. அதற்கும் முந்திய அத்ரஹாசிஸ் என்ற பாடல் ஒன்றும் கிடைத்திருக்கிறது. இதைக் கேட்டதும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், எனக்குத் தெரியும். திருப்பாதே. எனக்கு வேதத்தின்மேல் இருந்த நம்பிக்கை இதைப் படித்த பிறகுதான் ஆழமானது.

ஏனென்று கேள். அத்ரஹாசிஸில் தேவர்கள் ஏன் வெள்ளத்தை அனுப்புகிறார்கள்? மனிதர் பெருகிவிட்டார்கள், ஒரே சத்தம், என்லில் தேவனுக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். கில்காமேஷில், வெள்ளம் வந்ததும் தேவர்களே பயந்து நாய்களைப்போல ஒடுங்கிக் கிடக்கிறார்கள். பலியின் புகை எழுந்ததும், பசியோடு இருந்தவர்கள் ஈக்களைப்போல மொய்க்கிறார்கள். இந்தக் கதையை அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்டு வளர்ந்திருப்பார்கள். அதே படகை, அதே பறவைகளை, அதே பலியை வைத்துக்கொண்டு நம் வேதம் சொல்வதைப் பார். காரணம் சத்தம் இல்லை; பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது. தேவன் தூக்கம் கெட்டவர் இல்லை. அவருடைய இருதயத்துக்கு விசனமாயிருந்தது. நோவா பலி செலுத்தியபோது அவர் பசியோடு ஓடி வரவில்லை, வாக்குக் கொடுக்கிறார். கேட்டு வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் திடுக்கிட்டு நிமிர்ந்திருப்பார்கள். சொல்ல வந்த செய்தி அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இதை ஒரு சம்பவ அறிக்கையாக மட்டும் படித்தால் அந்த வித்தியாசம் நம் கண்ணிலேயே படாது.

இன்னும் ஓர் இடம். உன் பைபிளை எடுத்து ஆதியாகமம் ஆறாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தையும் எட்டாம் அதிகாரம் இருபத்தொன்றாம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. வெள்ளத்துக்கு முன்னால், மனிதனின் இருதயத்து நினைவுகள் எல்லாம் பொல்லாதவை, ஆகையால் அழிப்பேன் என்கிறார். வெள்ளத்துக்குப் பின்னால், மனிதனின் இருதயத்து நினைவுகள் சிறுவயது தொடங்கிப் பொல்லாதவை, ஆனாலும் இனி அழிப்பதில்லை என்கிறார். அதே காரணம், எதிரான தீர்ப்பு! ஓராண்டு நீரில் மூழ்கியும் மனிதன் மாறவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா குடித்துவிட்டுக் கூடாரத்தில் கிடக்கிறான். மாறியது தேவன்தான், மனிதனை இப்படியே வைத்துக்கொள்வது என்று. இந்த இரண்டு வசனங்களையும் பற்றி ஒருவரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதே இல்லை. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30 என்று மட்டும் நூறு தடவை கேட்டிருக்கிறேன். உன் தம்பி கென்டக்கியில் போய் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். 2016இல் திறந்தார்களே, 510 அடி நீளத்தில், அதே அளவில் கட்டிய பேழை. பிரமாண்டம்தான். ஆனால் அவ்வளவு உழைப்பும் மிருகங்களுக்கு எத்தனை கூண்டு, சாணத்தை எப்படி அள்ளினார்கள் என்று நிரூபிப்பதற்கே போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது.

நீ எழுத்துக்கு எழுத்து என்கிறாய். எந்த எழுத்துக்கு? ஆறாம் அதிகாரத்தில் எல்லா மிருகத்திலும் ஒவ்வொரு ஜோடி. ஏழாம் அதிகாரத்தில் சுத்தமானவற்றில் ஏழேழு. ஓரிடத்தில் 40 நாள், ஓரிடத்தில் 150 நாள். இவற்றைத் தொகுத்தவர்களுக்கு இது தெரியாமல் போயிருக்குமா? தெரிந்தேதான் இரண்டு மரபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவர்களுக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லை.

ஆனால் இயேசுவே நோவாவின் காலத்தைப் பற்றிச் சொன்னாரே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டாய். இதுதான் உன் கேள்விகளில் கனமானது. மத்தேயு 24ஐத் திரும்பப் படித்தேன். அவர் நீரின் உயரத்தைச் சொல்லவில்லை. புசித்தார்கள், குடித்தார்கள், பெண் கொண்டார்கள், பெண் கொடுத்தார்கள், வெள்ளம் வரும்வரை உணராதிருந்தார்கள் என்கிறார். கேட்டவர்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லி, விழித்திருங்கள் என்கிறார். நல்ல சமாரியன் போன சத்திரம் எரிகோ வழியில் எந்த இடத்தில் இருந்தது என்று நாம் தேடுவதில்லை. அதனால் அந்த உவமையின் பலம் நம்மேல் குறைந்துவிடவில்லையே.

ஆதித் திருச்சபையின் பெரிய ஆசிரியர் அகஸ்டினை எடுத்துக்கொள். அவர் வெள்ளம் நடந்தது என்றே நம்பினார், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அதை வெறும் சம்பவமாக மட்டும் எண்ணுகிறவர்களை அவர் ஏற்கவில்லை. பேழையைத் திருச்சபையின் சாயலாகப் படித்தார். வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிக்குக்கூட நன்றாகத் தெரிந்த விஷயத்தில், வேதத்தின் பேரால் கிறிஸ்தவன் தப்பாகப் பேசினால், அதைக் கேட்கிறவன் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவான் என்றும் எச்சரித்தார். வாலிபர் கூடுகையில் பேசியவர் சொன்னதற்கு நேர் எதிர் இது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே சொல்லியாயிற்று.

ஒரு நூலை உருவினால் சேலையே பிரிந்துபோகும் என்றாய். உன் பயம் எனக்குப் புரிகிறது, எஸ்தர். நீ பிடிவாதத்துக்காகப் பேசவில்லை. அந்த வருஷம், உன் அப்பா போன பிறகு, வேதத்தின் ஒவ்வொரு வரியையும் பிடித்துக்கொண்டுதான் நீ எழுந்து நின்றாய். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அந்தப் பிடியை விடு என்று உன்னைக் கேட்கவில்லை. உனக்கு வெள்ளம் அப்படியே நடந்ததாக இருக்கட்டும். அதற்காக உன்னைக் குறைவாக நினைக்க எனக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை. ஆனால் இருபது வயதுப் பெண்ணிடம் கையில் இருக்கும் கல்லா, கிறிஸ்துவா என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் நேர்மையான பிள்ளைகள்தான் முதலில் எழுந்து போவார்கள். கை தூக்கியவர்களில் எத்தனை பேர் பயந்து தூக்கினார்களோ, யாருக்குத் தெரியும்?

அவள் இந்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டுக்கு எழுந்து நின்றாள், பாடவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

விடுமுறைக்கு நீ வரும்போது அவளோடு உட்கார்ந்து பேசு. உன் பேச்சை அவள் இன்றும் கேட்பாள், என் பேச்சைவிட அதிகமாக. வெள்ளத்தை நிரூபிக்கிற வீடியோக்கள் எதையும் கொண்டுவராதே. பைபிளை மட்டும் கொண்டுவா. அவளிடம் உனக்காக ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கும் அதே கேள்விதான், ராத்திரியெல்லாம் யோசித்தும் விடை கிடைக்கவில்லை. சோதோமை அழிக்கப்போகிறேன் என்றதும் ஆபிரகாம் விடவில்லை. ஐம்பதில் தொடங்கிப் பத்துவரை பேரம் பேசினான். பொன் கன்றுக்குட்டி செய்த ஜனத்துக்காக மோசே, என் பெயரை உம் புத்தகத்திலிருந்து எடுத்துப்போடும் என்றான். நோவா? உலகம் முழுவதும் அழியப்போகிறது என்று கேட்டும் ஒரு வார்த்தை இல்லை. நீதியைப் பிரசங்கித்தவன் என்று பேதுருவின் நிருபம் சொல்கிறது, சரி. ஆனால் ஆதியாகமத்தில் அவன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையே பேரன் கானானுக்கு விழுந்த சாபம். வெளியே நீரில் போன குழந்தைகளுக்காக அவன் ஏன் கேட்கவில்லை? வெள்ளம் நீ சொல்கிறபடியே நடந்திருந்தாலும், நான் சொல்கிறபடி இருந்தாலும், இந்தக் கேள்வி நம் இரண்டு பேருக்கும் பொதுதான். உன் பதிலை நீளமாக எழுது.

வரும் தேதியைப் பியானோ அக்காவிடமும் சொல்லிவிடு, அவரும் வருவதாகச் சொன்னார். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சூசன்